கப்பியும் கயிறும்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளியிருக்கும் கிளினிக்குக்குத்தான் 25 ஆண்டுகளாக எங்கள் குடும்பமே போய்வருகிறது. சென்ற ஆண்டு அம்மாவுக்கு இடது தோள் வலிக்கத் தொடங்கியபோதும் அங்கேதான் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்து, ஐந்து நாளைக்கு மாத்திரையும் தடவிக்கொள்ளக் களிம்பும் எழுதினார். அடுத்த முறை ஊசி போட்டார். அதற்கடுத்த முறை மாத்திரையை மாற்றினார். இப்படியே மூன்றரை மாதம் கழிந்தது. அதற்குள் அம்மாவால் கொண்டை போடவும், கொடியில் துணி காயப்போடவும் முடியாமல் போயிற்று. வயதானால் இப்படித்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

நான்காவது மாதத்தில்தான் மருந்துச் சீட்டின் அடியில் 'பிசியோ' என்ற ஒற்றைச் சொல் வந்தது. எதற்காக, எத்தனை நாள், எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி இல்லை. மருந்துக்கடைக்காரர் மாத்திரைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்தச் சொல்லைப் பார்க்காமலே சீட்டை மடித்துத் தந்தார். அம்மாவும், "கரண்டு வைக்கிறதுதானே, வலி தாங்கலைன்னா போய்க்கிருவோம்" என்று சொல்லி இன்னும் இரண்டு வாரத்தைக் கடத்தினார். இடையில் சுளுக்கு வழிப்பவர் ஒருவரிடமும் போய்வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம், அதாவது பயிற்சிகளால் மூட்டையும் தசையையும் இயங்கவைக்கும் இயன்முறை சிகிச்சையாளரிடம், போனோம். அவர் முதலில் கேட்டது, "சர்க்கரை இருக்காம்மா?" என்பதைத்தான். இருக்கிறது, 11 ஆண்டுகளாக. கோணமானி போன்ற ஒரு பிளாஸ்டிக் கருவியைத் தோளில் வைத்து அளந்தார். கை முன்பக்கமாக 80 பாகைக்கு மேல் எழவில்லை. தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிக்கொள்வதால் வரும் முடக்கம் இது என்றும், சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிட இது அதிகம் வருகிறது என்றும், கரண்டு வைப்பது வலியைச் சற்றுத் தணிக்குமே தவிர மூட்டை அசைக்காது என்றும் பொறுமையாக விளக்கினார். இருபது நிமிடம் பேசினார். அந்தச் சர்க்கரைக் கணக்கையெல்லாம் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கும் எங்கள் குடும்ப மருத்துவர் இதை முதல் மாதமே சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவர் நல்லவர், நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருபவர். ஆனால் அவர் மேசையில் பிசியோதெரபி என்பது மருந்தெல்லாம் தீர்ந்த பிறகு நினைவுக்கு வரும் ஒன்றாகவே இருக்கிறது.

லண்டனில் இருக்கும் சித்தி மகள், அங்கே பல குடும்ப மருத்துவ மனைகளில் பிசியோதெரபிஸ்டும் உட்கார்ந்திருப்பார் என்றும், பல பகுதிகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலே பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்றும் சொன்னாள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திருமங்கலத்துக்கு அப்பால் கிராமத்தில் பக்கவாதத்தில் படுத்துவிட்ட எங்கள் பெரியப்பாவுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து, பெரியம்மாவுக்கும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார். நகரத்தில், மூன்று தெருவுக்கு ஒரு கிளினிக் இருக்கும் இடத்தில், நாங்கள்தான் வழி தெரியாமல் நின்றோம்.

வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சிகளில் ஒன்றுக்குக் கப்பியும் கயிறும் வேண்டியிருந்தது. கிணற்றை மூடியபோது அப்பா பரணில் போட்டுவைத்த பழைய கப்பியை இறக்கி, துரு போகத் தேய்த்து, மாடிப்படிக் கம்பியில் கட்டினேன். நல்ல கை இழுக்க, முடங்கிய கை மெல்ல மேலேறும். காலை ஆறு மணிக்கு அது கிறீச்சிட்டால் அம்மா பயிற்சி செய்கிறார் என்று பொருள். சத்தம் கேட்காத நாளில் நான் எழுந்துபோய்க் கேட்பேன்.

ஐந்து மாதமாகிறது. போன வாரம் அளந்தபோது 140 பாகை வந்திருந்தது. கொண்டை போட்டுக்கொள்கிறார், மேல்கொடி மட்டும் இன்னும் எட்டவில்லை, அதில் துணி போடுவது இப்போதைக்கு என் வேலை.