டூல்பார் மறைந்தது, டெலிட் பட்டன் மறையவில்லை

சொந்தக்காரர் வீடுகளில் இருக்கும் ஆத்தங்குடித் தரைக் கற்களைப் படமெடுத்துச் சேர்த்துவைக்க, ஃப்ளட்டரில் (ஆப் எழுத உதவும் ஒரு கருவி) ஒரு சின்ன ஆப் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கரை வரிதான் முக்கியம். கண்ணாடிமேல் சாயம் ஊற்றிக் கையால் செய்கிற கல் என்பதால் அது கல்லுக்குக் கல் கொஞ்சம் மாறும். போனைப் படுக்கவைத்துப் பார்த்தால் உயரமே கொஞ்சம். அதிலும் மேலே பட்டன்கள் இருக்கும் டூல்பார் 56 பிக்சல் பிடித்துக்கொள்ள, கரை வரி எறும்பு வரிசை மாதிரி ஆகிவிட்டது. சரி, படத்தைத் தொட்டால் டூல்பார் மறையட்டும், மறுபடி தொட்டால் வரட்டும் என்று இறங்கினேன்.

முதலில் திரையின் சட்டகமான ஸ்கேஃபோல்டில், டூல்பாருக்கான ஆப்பார் என்ற இடத்துக்கு நல் (null, அதாவது ஒன்றுமில்லை) கொடுத்தேன். மறைந்தது. ஆனால் அந்த இடம் படத்துக்குப் போனதால், தொடும்போதெல்லாம் கல் துள்ளிக் குதித்தது. பிறகு ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கும் ஸ்டாக் போட்டு, படத்தின் மேலேயே டூல்பாரை மிதக்கவிட்டு, தெரியும் அளவைப் படிப்படியாக மாற்றும் அனிமேட்டட் ஒபாசிட்டியில் 200 மில்லிசெகண்டில் மங்கவைத்தேன். அழகாக வந்தது. அந்தப் பெருமையில் வளவில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவிடம் போனைக் கொடுத்தேன்.

அப்பத்தா போனைப் பிடித்த பிடியில் கட்டைவிரல் வலது மேல் மூலையில் பட்டது. படம் காணோம்.

"ஏம்பா, ஒண்ணுமே இல்லாத எடத்தத்தானே தொட்டேன்?"

நியாயமான கேள்வி. அந்த மூலையில்தான் டெலிட் பட்டன். ஒபாசிட்டி பூஜ்யமானால் கண்ணுக்குத்தான் தெரியாது; தொடுகையை அது வாங்கிக்கொண்டே இருக்கும். மேலே, தொடுகையைக் கண்டுகொள்ளாமல் விடும் இக்னோர் பாயிண்டர் சுற்றி, மறைந்திருக்கும்போது மட்டும் அதை ட்ரூ ஆக்கியதும் சரியானது. போன படம் ஏற்கெனவே பிரித்து விற்றுவிட்ட ஒரு வீட்டின் பட்டாலைத் தரை. கேலரியில் மூலப்படம் இருந்ததால் தப்பித்தேன். கேட்காமல் அழிக்கிற பட்டனை வைத்த என்னைத்தான் திட்ட வேண்டும், இப்போது "அழிக்கவா?" என்று கேட்கிறது.

அடுத்த வாரம் இன்னொரு தொல்லை. தொட்டபின் டூல்பார் வரக் கொஞ்சம் யோசித்தது. அனிமேஷன்தான் மந்தம் என்று 200-ஐ 100 ஆக்கினேன், பிரயோசனமில்லை. காரணம் வேறு. பெரிதாக்கிப் பார்க்க டபுள் டேப் வைத்திருந்தேன். இரண்டாவது தட்டு வருமா என்று 300 மில்லிசெகண்ட் காத்திருந்துவிட்டுத்தான் முதல் தட்டை ஒற்றைத் தட்டு என்று எடுத்துக்கொள்கிறது. டபுள் டேப்பைத் தூக்கிவிட்டேன். இரண்டு விரலால் விரித்துப் பார்ப்பது போதும்.

மணி காட்டும் ஸ்டேட்டஸ் பாரை மறைக்க இம்மெர்சிவ் ஸ்டிக்கி என்ற முறையைப் போட்டேன். ஓரத்திலிருந்து இழுத்தால் எட்டிப் பார்த்துவிட்டுத் தானே போய்விடும். திரையை விட்டு வெளியே வரும்போது பழைய நிலைக்குத் திருப்ப மறந்து, ஆப் முழுக்க மணி தெரியாமல் இரண்டு நாள் அலைந்தேன்.

பட்டியல் திரையில் வேலை சுலபம்: உருட்டும்போது மறைந்து வரும் ஸ்லிவர் ஆப்பாரில் ஃப்ளோட்டிங் (திரும்ப உருட்டியதும் வரும்), ஸ்நாப் (பாதியில் நிற்காமல் முழுதாக வரும்) இரண்டும் ட்ரூ. ஸ்நாப் மட்டும் கொடுத்தால் ஃப்ளட்டர் ஒத்துக்கொள்ளாது, அசெர்ட் எர்ரர்தான்.

மூன்று செகண்டில் தானாக மறையும் டைமரையும் எடுத்தாயிற்று. அப்பத்தா கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் பட்டன்கள் ஓடிவிடுகின்றன. மறைந்த டூல்பாரைத் திரும்பக் கொண்டுவரப் படத்தைத் தொடணும் என்று சொல்லியும் பார்த்தேன். அவர் ஆப்பை மூடித் திறக்கிறார். இந்த ஞாயிறு கீழே ஒரு சின்னக் கோடு மட்டும் மறையாமல் நிற்கிற மாதிரி போட்டுப் பார்க்கணும்.