மட்டக்களப்பில் மூவிராசாக்கள் ஞாயிறு

கடைக்காரர்கள் மின்குமிழ்ச் சரங்களைக் கழற்றிவிட்டாலும் எங்கள் கத்தோலிக்கருக்கு நத்தார் (கிறிஸ்துமஸ்), பாலன் இயேசுவைக் காண ஞானிகள் வந்ததை நினைக்கும் மூவிராசாக்கள் திருநாள் வரை நீளும், அதிலும் கடற்கரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மனம் விட்டுக் கொண்டாடும் நாளே அந்த ஞாயிறுதான். ஏனென்று மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26, அதுவும் ஒரு ஞாயிறு. நாவலடி, கல்லடி, டச்பார் எல்லாவற்றையும் நத்தாருக்கு மறுநாள் காலையில்தான் கடல் அடித்துக்கொண்டு போனது. கல்லடி மாமி கடைசி மகளைப் பறிகொடுத்ததும் அன்றுதான். 25ஆம் திகதி பூசை கண்டு கேக் வெட்டினாலும் மாமி வீட்டில் பாட்டுப் போடுவதில்லை, விடிந்தால் மெழுகுதிரியோடு கடற்கரைக்குப் போகவேண்டுமே.

இந்த முறை கல்முனையிலிருந்து விடியவே பஸ் ஏறி, மாமியையும் கூட்டிக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டிப் புளியந்தீவுக்குப் போனோம். மழை விட்டு விட்டுத் தூறியது. புனித மரியாள் பேராலயம், 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானதிலிருந்து ஆயருடைய கோயில் இதுதான். குடிலில் பேணிகளுக்குள் முளைக்கவைத்த நெல் மஞ்சளடித்துச் சாய்ந்திருந்தது. இவ்வளவு நாளும் தள்ளி நின்ற மூன்று ராசாக்களும் அன்றைக்குத்தான் பாலனுக்குக் கிட்ட வந்திருந்தார்கள். தூபம் ஏந்தியவருக்கு மூக்கில் சாயம் உரிந்து வெள்ளைச் சாந்து தெரிந்தது, மாமி அந்த மூக்கைத் தொட்டு முத்தி செய்தார்.

பிரசங்கம் மத்தேயு 2ஆம் அதிகாரம். ராசாக்கள் எத்தனை பேர் என்று அதில் எழுதியில்லை, பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று என்பதால் நாம் மூன்று பேராக்கிவிட்டோம். ஆனால் அவர்கள் திரும்பிப் போனதும் ஏரோது பெத்லகேமில் குழந்தைகளைக் கொல்வது அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. அந்த மாசில்லாக் குழந்தைகளைத் திருச்சபை டிசம்பர் 28இல் நினைக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரை நத்தார் வெளியே நிறுத்தவில்லை என்று பாதர் சொன்னபோது மாமி என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வந்ததுபோல் இருந்தது எனக்கு.

அப்புறம் மண்டபத்தில் ஒரே சந்தோசம். தங்கத்தாள் முடி வைத்த சின்ன ராசாக்கள், தொதல், லவ் கேக், பக்கத்து இந்துக் குடும்பமொன்று கொண்டுவந்த கட்டித்தயிர். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வயலினை எடுத்துக் கபிரிஞ்ஞா என்ற அவர்களுடைய ஆட்டப்பாட்டைத் தொடங்கியதும் கதிரைகளெல்லாம் சுவரோரம் போய்விட்டன. போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1628இல், அவர்கள் விட்டுப்போன பேச்சு இன்னமும் சில வயதானவர்களின் வாயில் இருக்கிறது, அந்தத் தாளமோ எல்லார் காலிலும் இருக்கிறது. மாமி எழும்பி ஆடினார்! அவர் ஆடி நான் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு ஆண்டவரின் திருமுழுக்கு, அதோடு நத்தார்க் காலம் முடிந்து குடிலும் கழற்றப்படும். வர நினைப்பவர்கள் ஜனவரி 2க்கும் 8க்கும் இடையில் வரும் ஞாயிற்றைப் பார்த்து வாருங்கள். குடை கட்டாயம், பூசை முடிந்ததும் ஓடிவிடாமல் மண்டபத்துக்கும் வாருங்கள்.