கோளாறு குழாயில்தான்: 10 லிட்டர் பீருக்குச் சாமான் வாங்கிய கணக்கு

வீட்டில் காய்ச்சும் பீரில் நாலாவது பேட்ச் போத்தலில் ஏறி மூன்று வாரம். இதுவரை திறந்த எதுவும் பொங்கவில்லை. மூன்றாவது பேட்ச்சில் 28 போத்தல். அதில் 26, மூடியை நெம்பியதுமே பாதி பீரை நுரையாகக் கக்கின. மிச்சம் இரண்டும் சாதுவாக இருந்தன. சைஃபன் வேலை செய்கிறதா என்று சோதிக்க மேலிருந்து உறிஞ்சி நிரப்பியவை அந்த இரண்டும். மற்ற 26-ம் பீர் புளிக்கும் வாளியின் அடியில் இருக்கும் குழாய் வழியாக வந்தவை.

எல்லாப் போத்தலுக்கும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஒன்று, ஈஸ்ட் ஒன்று, சர்க்கரை அளவும் ஒன்று. போத்தலில் அடைத்த அன்று அடர்த்தி 1.010 (தண்ணீர் 1.000; 0.001-ஐ ஒரு புள்ளி என்போம்). பொங்கிய பீரை இரண்டு தம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, வாயு போனபின் அளந்தால் 1.003. பீர் ஈஸ்ட் தின்னாமல் விட்டதை வேறு ஏதோ தின்றிருக்கிறது, அதுவும் போத்தலுக்குள். சுமார் 2 புள்ளி இறங்கினாலே, பீரின் கொள்ளளவுக்குச் சமமான ஒரு பங்கு கரியமிலவாயு கூடும். 7 புள்ளி என்றால் கண்ணாடி வெடிக்கிற கணக்கு. இப்படி ஒன்று கண்ணில் பட்டால் மிச்சத்தை உடனே ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர வைத்து, கனத்த துண்டைச் சுற்றி, கையுறையோடு மூடியைத் திறந்து கொட்டிவிடுங்கள். ருசி பார்க்கிற ஆசை வேண்டாம்.

குழாயைப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. வாளியோடு சும்மா வரும் பிளாஸ்டிக் குழாய் ஒற்றைத் துண்டுபோலத் தெரியும், ஆனால் இரண்டு துண்டு: வெளிக்கூடு ஒன்று, அதற்குள் கைப்பிடியோடு சுழலும் உருளை ஒன்று. இரண்டுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி. வோர்ட் (மால்ட்டைக் காய்ச்சி எடுத்த, இன்னும் புளிக்காத இனிப்புச் சாறு) அதற்குள் போய்த் தங்கும். சானிட்டைசரை ஊற்றித் திறந்து மூடினால் உருளையின் துளை மட்டும்தான் கழுவப்படும், முதுகுப் பக்கம் அப்படியே இருக்கும். கழற்றியபோது அங்கே பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம், பழைய புளித்தண்ணீர் வாடையோடு.

கழற்றுவது இப்படி. குழாயை 60–65 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டால் வெளிக்கூடு இளகும். கைப்பிடி மேலே பார்க்க நிறுத்தி, கீழ்த் துளை வழியாக மரக்கரண்டிக் காம்பால் உருளையை நேராக மேல்நோக்கித் தள்ளினால் ‘டப்’ என்று வெளியே வரும். குளிர்ந்த நிலையில் தள்ளினால் கூட்டின் உதடு விரிந்து, அதன்பின் ஆயுசுக்கும் சொட்டும். சோடியம் பெர்கார்பனேட் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து அலசுங்கள். பூட்டும்போது உணவுக்கு ஆகிற சிலிக்கான் கிரீஸ் கடுகளவு போதும். இது ஒவ்வொரு பேட்ச்சுக்கும் செய்யவேண்டிய வேலை. வாங்கும்போதே விற்பவரிடம் “உருளை கழலுமா?” என்று கேளுங்கள். கழலாத வகை இரண்டு சிங்கப்பூர் வெள்ளி மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

இரண்டாவது தொல்லை வாஷர். பலர் உள்பக்கம், குழாயை இறுக்கும் மரைக்கும் வாளிச் சுவருக்கும் நடுவில் போடுகிறார்கள். அங்கே போட்டால் திரவம் மரையின் வரிகளைப் பிடித்துக்கொண்டே துளைக்குள் ஏறி, வெளியே வந்து சொட்டும். குழாயின் தோள்பட்டைக்கும் சுவருக்கும் இடையில், வெளிப்பக்கம் போட்டால்தான் அந்த வழி அடைபடும். வாளிச் சுவர் வளைவு என்பதால் கெட்டி ரப்பர் சரிப்படாது, 3 மி.மீ. மெத்து சிலிக்கான் வாஷர் வளைவுக்குத் தக்கபடி உட்காரும். கையால் முறுக்கி, அதற்குமேல் கால் சுற்று, அவ்வளவுதான். பலம் காட்டினால் வாஷர் பிதுங்கி ஒரு பக்கமாக ஓடிவிடும்.

கசிவுச் சோதனையைக் குழாய்த் தண்ணீரில் செய்து ஏமாறாதீர்கள். நாம் ஈஸ்ட் போடுவது 35 டிகிரியில். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் விரிந்து, பச்சைத் தண்ணீரில் கசியாத மரை லேசாகத் தளரும். 40 டிகிரித் தண்ணீர் ஊற்றி, அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள்.

35 டிகிரியா என்று குளிர்நாட்டு முறையில் படித்தவர்கள் புருவம் தூக்குவார்கள். சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஏசி இல்லாத அறை 30 டிகிரி. அதில் ஏல் வகைப் பீருக்கான சாதாரண ஈஸ்ட் போட்டால் நெயில்பாலிஷ் வாடைதான் மிச்சம். நார்வேயின் வோஸ் பகுதிக் குவைக் ஈஸ்ட்டுக்கு இந்தச் சூடு பிடிக்கும். லேசாக ஆரஞ்சுத்தோல் மணம் வரும். 10 லிட்டருக்கு 5 கிராம் போதும். இன்னொரு லாபமும் உண்டு. இங்கே குழாய்த் தண்ணீரே 28–30 டிகிரி இருப்பதால், அந்தத் தண்ணீர் ஓடும் செம்புச் சுருள் வோர்ட்டை எவ்வளவு குளிர்வித்தாலும் 32-க்குக் கீழே இறங்காது. குவைக்குக்கு அதுவே போதும், ஐஸ் மூட்டை தூக்கவேண்டியதில்லை.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 20 லிட்டர் எவர்சில்வர் பானை, அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்கியது (இண்டக்ஷன் அடுப்பு). 2.2 கிலோ பேல் மால்ட், 14.5 லிட்டர் தண்ணீர், 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறல், பிறகு ஒரு மணி நேரக் கொதி. வாளிக்கு 10 லிட்டர் வந்து சேரும். பானைக்கும் கரண்டிக்கும் சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடைகளே போதும், பீர் சாமான் கடையில் அதே பானைக்கு விலை கூட. மால்ட்டை ஊறவைக்கும் பை கடையில் வாங்கியதல்ல. வாயில் (voile) என்ற மெல்லிய துணி எடுத்து, தேக்கா சந்தை மாடியில் தையற்கடையில் கொடுத்து, பானை வாய்க்கு அளவெடுத்துத் தைத்தது. பாலியஸ்டர் நூல் என்று அழுத்திச் சொல்லவேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகும்.

அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவு குறித்தது. 33 டிகிரி வோர்ட்டில் 1.043 காட்டினால் உண்மையில் 1.046-ஐ ஒட்டி. முடிவில் 1.010 என்றால் வித்தியாசத்தை 131-ஆல் பெருக்குங்கள், ஆல்கஹால் 4.7 சதவீதம். கண்ணாடிச் சாமான், கை தவறினால் போச்சு, இரண்டாக வாங்குங்கள். வெப்பமானியை ஐஸ் கூழிலும் கொதிநீரிலும் ஒரு தடவை முக்கிப் பார்த்துவிட்டு நம்புங்கள். வாளி மூடியில் வாயு வெளியேறும் ஏர்லாக் குமிழி விடவில்லை என்று பதற வேண்டாம், மூடி ஓரத்தில் வாயு நழுவியிருக்கும்.

மூடி அடிக்கும் கருவியில் இரண்டு கைப்பிடி உள்ளதே 28 போத்தலுக்குத் தாராளம். திருகுமூடி பீர் போத்தலைச் சேர்த்துவைக்காதீர்கள், அதன் உதட்டில் 26 மி.மீ. மூடி சரியாகப் பிடிக்காது. போத்தலில் வாயு பிடிக்க, சர்க்கரை 60 கிராமைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் காய்ச்சிய நீரால் 280 மி.லி. ஆக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சால் போத்தலுக்கு 10 மி.லி. சர்க்கரை கலக்க இரண்டாவது வாளி தேவையில்லை.

சானிட்டைசர் ஸ்டார் சான், லிட்டருக்கு 1.5 மி.லி. அதைத் தெளிப்பான் போத்தலில் போட்டுவைத்தால் மாதக்கணக்கில் வரும். அடர்த்தி பார்க்கக் குழாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் அதன் மூக்குக்குள் தெளித்து, சின்ன பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போடுங்கள். மூக்கில் தொங்கும் ஒரு சொட்டுக்கு இந்த ஊர்ப் பழ ஈ அரை மணி நேரத்தில் ஆஜர், கூடவே வினிகர் பாக்டீரியாவையும் கூட்டிவரும்.

சட்டம் கேட்பவர்களுக்கு: இங்கே 2004 முதல் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் காய்ச்சலாம், 18 வயது ஆகியிருக்க வேண்டும், விற்கக்கூடாது, சாராயமாக வடிக்கக்கூடாது. தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டம் பாயும், ஆகவே ஊருக்குப் பட்டியல் அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள்.

அடுத்து பழைய ஃபிரிட்ஜ் ஒன்றும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கி லாகர் (குளிரில் புளிக்கும் பீர்) போடவேண்டும். ஜாலான் புசாரில் செம்புக்குழாய் விலையும் விசாரித்தாயிற்று, இன்னொரு சுருளுக்கு 8 மீட்டர். அதற்கு முன் இந்த பேட்ச்சில் இரண்டு போத்தலைத் தொடாமல் ஆறாவது வாரம் வரை வைத்திருக்கிறது. அப்போதும் 1.010 காட்டினால் குழாய் பிழைத்தது. ஒரு புள்ளி இறங்கியிருந்தாலும் குழாய் குப்பைக்கு, வாளித் துளைக்கு அடைப்பான், இனிமேல் சைஃபன்.