நாதனார் கோயிலில் ஓர் அகல்விளக்கு

டெங்குக் காய்ச்சலில் கிடந்த என் மகனின் குருதிச் சிறுதட்டுகள் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்த அந்த இரவுகளில், அம்மம்மா சிறுவயதில் பழக்கியபடி உள்ளே போகும் மூச்சையும் வெளியே வரும் மூச்சையும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என்னை நிலைகுலையாமல் வைத்திருந்தது. திருக்கோணமலையில் பிறந்த அம்மம்மாவுக்குக் கோணேசரும் புத்தரும் வேறு வேறல்லர். பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரையை நாதனார் கோயில் என்றே சொல்லுவார். பிள்ளை எழுந்து நடந்தால் அங்கே விளக்கேற்றுவதாக நேர்ந்துகொண்டேன்.

நாங்கள் போனது பௌர்ணமியான போயா நாள். வெள்ளை உடுத்த சனக்கூட்டத்தில் கால்வைக்க இடமில்லை. பேசிய கூலியை ஓட்டோக்காரர் பாதி வழியில் இரட்டிப்பாக்கினார். பூத்தட்டு விற்றவர்களோ கையைப் பிடித்து இழுக்காத குறை. நேர்த்திக்கு வருகிறவர்களை இப்படி அலைக்கழிப்பது பெரும் பாவம். சினம் நாவின் நுனிவரை வந்தபோது, புத்தர் சொன்ன எண்வழியில் தீச்சொல் தவிர்ப்பதும் அடங்கும் என்று அடுப்படியில் எங்களைக் கண்டித்த அம்மம்மாவின் குரல் கேட்டது. காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

நின்ற கோலத்துப் புத்தரை வணங்கியபின், கல்வெட்டொன்றின் முன்னால் என் கால்கள் நகர மறுத்தன. பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்! முதலாம் இராசராசனின் பெயரால் இவ்விடம் இராசராசப் பெரும்பள்ளி எனப்பட்டதையும், அணையாத நந்தா விளக்கு எரியத் தமிழர் கால்நடைகளைக் கொடையளித்ததையும் இங்குள்ள கற்கள் சொல்லுகின்றன. தேய்ந்த வரிகளுக்குள் ஒரு பகரமும் ஒரு டகரமும் தெளிவாகத் தெரிந்தன. எவருக்காக, எந்த நோய் தீர்ந்ததற்காக அவர்கள் அந்த மாடுகளைக் கொடுத்தார்களோ! கண்ணீர் வழிய நின்றேன்.

மகன்தான் திரியை எண்ணெயில் தோய்த்து அகலில் வைத்தான். ஊசி ஏற்றிய இடம் அவன் புறங்கையில் இன்னும் நீலமாகவே இருந்தது. காற்று இருமுறை சுடரை அணைத்தது. மூன்றாம் முறை அவன் தன் இரு உள்ளங்கைகளையும் குவித்துக் காத்தான். நாதனே, அந்தக் கைகளை எனக்குத் திருப்பித் தந்தாயே! மனப்பாடமாக இருந்த துதிகளெல்லாம் மறந்துபோயின. “அம்மா, எண்ணெய் முடியும்வரை இருப்போமா?” என்று கேட்டான். வெளியே ஓட்டோக்காரர் அவசரப்படுத்தியும், இருந்தோம்.