இன்ஃபினிட்: எல்லையா, முடிவா?

'இன்ஃபினிட்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டாலே 'எல்லையற்ற' என்று எழுதிப் பழகிய கை என்னுடையது. கணக்குப் பாடக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கியபோதுதான் அந்தப் பழக்கம் இடறியது. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே அடங்கிய பின்னங்களைப் பற்றிய வரி அது. 'எல்லையற்ற பின்னங்கள்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே 'இவ்விரு எல்லைகளுக்குள்' என்று எழுத நேர்ந்தது.

சிக்கலின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'ஃபீனிஸ்' என்ற ஒரே சொல் முடிவையும் குறிக்கும், எல்லையையும் குறிக்கும். முன்னால் 'இன்' என்ற எதிர்மறை சேர்ந்து பிறந்த ஆங்கிலச் சொல்லும் அந்த இரட்டைப் பொருளைச் சுமந்தே வந்தது. தமிழிலோ முடிவு வேறு, எல்லை வேறு. வட்டத்தின் கோட்டில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனால் முனை என்று ஒன்று தட்டுப்படவே படாது. ஆனாலும் அதன் நீளத்தை ஒரு நூலால் அளந்துவிடலாம். பின்னங்களின் கதை இதற்கு நேர்மாறு: இரு புறமும் வேலி, உள்ளே முடிவில்லாத கூட்டம். 'எண்ணற்ற' என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. பின்னங்களை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தி எண்ண முடியும், பின்னமாக எழுத முடியாத எண்களையும் சேர்த்த மெய்யெண்களை அப்படி எண்ண முடியாது என்பது 1874இல் வெளியான கணிதவியலாளர் ஜார்ஜ் காண்டரின் கட்டுரையிலிருந்தே பெறப்படும் முடிவு.

அன்றாட ஆங்கிலத்தில் இவ்வளவு கறார் கிடையாது. 'இன்ஃபினிட் பேஷன்ஸ்' என்பது அளவு கடந்த பொறுமை, அவ்வளவுதான். 'இன்ஃபினிட்லி பெட்டர்' என்றால் ஒப்பிடவே முடியாத அளவுக்கு மேல் என்று பொருள். 'முடிவிலியாகச் சிறந்தது' என்று யாராவது எழுதினால் அதைத் தமிழென்று என்னால் ஒப்புக்கொள்ள இயலாது. அதன் அண்டைச் சொற்களும் ஒன்றுபோல் இல்லை. 'அன்லிமிடெட்' என்பதில் வரம்பு விதிக்கும் உரிமையுள்ள ஒருவர் மறைந்து நிற்கிறார். அவர் விதிக்காமல் விட்டிருக்கிறார். 'எண்ட்லெஸ்' பெரும்பாலும் சலிப்போடு வரும். 'பவுண்ட்லெஸ்' உற்சாகத்தோடும் அன்போடும் சேரும்.

உச்சரிப்பிலும் ஒரு பொறி உண்டு. முடிவுள்ளதைக் குறிக்கும் 'ஃபைனைட்' என்ற சொல்லைச் சொல்பவர்கள் அதே வேகத்தில் 'இன்ஃபைனைட்' என்று சொல்லிவிடுகிறார்கள். அழுத்தம் முதல் அசையில் விழுவதால் பின்னால் வருவது குறுகி, 'இன்ஃபினிட்' என்றே ஒலிக்க வேண்டும்.

அந்தக் குறிப்பில் கடைசியாக நான் எழுதியது: 'பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே முடிவிலா எண்ணிக்கையில் பின்னங்கள் உள்ளன.'