களனி பெருகும் நாளில் ஓடை தூங்கக் கூடாது: வெப்சப் பொருத்திய அனுபவம்

களனி கங்கை பெருகும் நாட்களில் கொழும்பு நாகலகம் வீதி அளவுமானி காட்டும் நீர்மட்டம் மணிக்கு மணி மாறும். வெல்லம்பிட்டியிலோ கொலன்னாவையிலோ இருக்கும் ஒருவர் அந்தச் செய்தியை ஓடை வாசிப்பான் (பல தளங்களின் புதுச் செய்திகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் செயலி) வழியாகப் படித்தால், அது தளத்தில் ஏறி முக்கால் மணி நேரம் கழிந்திருக்கக் கூடும். செய்தியோடை, அதாவது தளத்தின் புதிய பதிவுகளைப் பட்டியலிடும் ஆர்எஸ்எஸ் கோப்பு, தானாக யாரையும் கூப்பிடாது. வாசிப்பான் வந்து கேட்டால்தான் பதில் சொல்லும். பல தளங்களை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தன் ஓடையிலேயே 'மணிக்கு ஒரு முறை வாருங்கள்' என்று எழுதி வைத்திருக்கிறது, பல வாசிப்பான்கள் அதை மதிக்கவும் செய்கின்றன. நிமிடத்துக்கு ஒரு முறை கேட்க விட்டால் சேர்வருக்குச் சுமை. ஈடேக் (பிரதியை அடையாளம் காட்டும் குறி) கொடுத்து, 'மாறவில்லை' என்னும் 304 பதில் அனுப்பினால் போக்குவரத்து குறையும், ஆனால் கேள்விகளின் எண்ணிக்கை குறையாது.

இதற்கான தீர்வு 2009 முதல் இருக்கிறது. மார்ட்டின் அட்கின்ஸும், கூகிளில் இருந்த பிராட் ஃபிட்ஸ்பட்ரிக்கும் பிரெட் ஸ்லட்கினும் சேர்ந்து பப்சப்ஹபப் என்று தொடங்கியது, 2018 ஜனவரியில் வெப்சப் என்ற பெயரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரை ஆனது. மூன்று தரப்பு: வெளியீட்டாளர், சந்தாதாரர், நடுவில் ஹப். புதிய செய்தி ஏறியதும் வெளியீட்டாளர் ஹப்புக்கு ஒரு பிங் ('புதியது இருக்கிறது' என்ற சிறு தகவல்) அனுப்புவார். ஹப் ஓடையை எடுத்துப் பார்த்து, புதியதைச் சந்தாதாரர்கள் எல்லோருடைய கோல்பேக் முகவரிக்கும் (அறிவிப்பை வாங்க அவர்கள் கொடுத்த முகவரி) தள்ளிவிடும். வாசித்தால் அரை நாள் வேலை மாதிரித் தெரியும். நெறிமுறை உண்மையிலேயே சிறியதுதான். சிக்கல் என்னவென்றால், பிழை வந்தால் இதில் யாரும் சத்தம் போடுவதில்லை. ஹப் தரும் 202, 204 என்ற பதில் எண்களுக்கெல்லாம் 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டுமே அர்த்தம். 'செய்தேன்' என்று அல்ல. கொழும்பில் ஒரு தமிழ்ச் செய்தித்தளத்துக்கு இரண்டு பக்கமும் பொருத்தியபோது எங்கே எது பிசகும் என்று கண்டதைக் கீழே எழுதுகிறோம்.

வெளியீட்டாளர் பக்கத்தை முதலில் முடியுங்கள். சொந்தமாக ஹப் ஓட்டத் தேவையில்லை. கூகிளின் பொது ஹப், சுப்பர்ஃபீடர் இரண்டும் போதும். வேர்ட்பிரஸுக்கு வெப்சப் என்ற பெயரிலேயே இலவசப் பிளகின் இருக்கிறது. புளொக்கரில் ஒன்றுமே செய்ய வேண்டாம், ஓடையில் ஹப் இணைப்பு ஏற்கெனவே இருக்கும். பிளகினைப் போட்டதும் அதன் அமைப்புப் பக்கத்தை நம்பாமல், கேர்ல் என்ற கட்டளைவரிக் கருவி கொண்டு ஓடையின் ஹெடர்களை (பதிலின் முன்னால் வரும் தகவல் வரிகளை) எடுத்துப் பாருங்கள். இரண்டு லிங்க் வரிகள் இருக்க வேண்டும்: 'ஹப்' உறவோடு ஹப்பின் முகவரி, 'செல்ஃப்' உறவோடு ஓடையின் சொந்த முகவரி. ஹெடரில் இல்லாவிட்டாலும் ஓடையின் எக்ஸ்எம்எல் உள்ளே இருந்தால் போதும். இரண்டிலும் இருந்து, இரண்டும் வேறுவேறாக இருந்தால்தான் வில்லங்கம்.

அந்த 'செல்ஃப்' வரியில்தான் பாதிப் பிரச்சினைகள் குடியிருக்கின்றன. சந்தாதாரர் சந்தா எடுப்பது அந்த முகவரிக்கு. வெளியீட்டாளர் பிங் அனுப்புவதும் அதே முகவரிக்கு. ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும், ஒன்றில் 'எஸ்' இல்லாத எச்டிடிபியும் மற்றதில் எச்டிடிபிஎஸ்ஸும் இருந்தாலும், ஹப்புக்கு அவை இரண்டு ஓடைகள். பிங் 204 வாங்கும், சந்தா 202 வாங்கும், ஒரு செய்தியும் வந்து சேராது.

வேர்ட்பிரஸ் இந்த வரியை எப்படி எழுதுகிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கும். யார் எந்த முகவரியில் கேட்டார்களோ அதையே அது 'செல்ஃப்' என்று திருப்பி எழுதிவிடும். தளத்துக்கு முன்னால் ஒரு புரொக்சி (இடைநிலைச் சேர்வர்) நின்று, எச்டிடிபிஎஸ் அங்கேயே முடிந்துவிட்டால், உள்ளே இருக்கும் வேர்ட்பிரஸுக்கு வந்த கோரிக்கை வெறும் எச்டிடிபி. அதனால் 'எஸ்' இல்லாத முகவரியை எழுதும். புரொக்சி அனுப்பும் 'ஃபோவர்டட் புரோட்டோ' ஹெடரை வேர்ட்பிரஸ் கட்டமைப்புக் கோப்பில் வாசிக்கச் செய்தால் இது சரியாகும். இன்னொன்று இதைவிட நுட்பமானது. கேச்சை (வேகத்துக்காகச் சேமித்து வைத்த பிரதியை) தாண்டிப் பார்க்க, முகவரியின் பின்னால் ஒரு கேள்விக்குறியும் ஏதோ ஒரு எண்ணும் ஒட்டுவது நம் எல்லோருக்கும் பழக்கம். அப்படிக் கேட்ட பிரதியில் 'செல்ஃப்' வரியும் அந்தக் கேள்விக்குறியோடு வரும். கேச் பிளகின் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதைப் பொருட்படுத்தாத வகையாக இருந்தால், சோதித்துப் பார்த்த அந்தப் பிரதியையே எல்லோருக்கும் பரிமாறத் தொடங்கும். சோதனை செய்ததாலேயே உடைகிற சங்கதி இது.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு பொறி தனியாக உண்டு. வகைக்கு 'செய்திகள்' என்று தமிழிலேயே முகவரி வைத்தால், அதன் ஓடை முகவரியில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் 3 பைட். முகவரியில் எழுதும் சதவீதக் குறியீட்டில் (பைட்டுக்கு %e0 போல 3 இடம்) 9 இடம். வேர்ட்பிரஸ் அந்தக் குறியீட்டைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் எழுதும். பல நிரல் நூலகங்கள் பெரிய எழுத்தில் எழுதும். உலாவியில் இரண்டும் ஒரே பக்கத்தைத் திறக்கும், ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் இடத்தில் அவை வேறு. எனவே சந்தா எடுக்கும் நிரல் முகவரியைத் தானாக மறுகுறியீடு செய்யக் கூடாது. ஓடையின் 'செல்ஃப்' வரியில் உள்ளதை அப்படியே வெட்டி ஒட்ட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் வகை முகவரியை மட்டுமாவது ஆங்கில எழுத்தில் வைத்துவிடுவது புத்திசாலித்தனம். தமிழ்ப் பற்று தலைப்பில் இருக்கட்டும்.

அடுத்தது கேச். 'பதிப்பி' பொத்தானை அழுத்தியதும் இரண்டு காரியங்கள் ஏறக்குறைய ஒரே கணத்தில் நடக்கின்றன: பழைய கேச் அழிகிறது, ஹப்புக்குப் பிங் போகிறது. பிங் முந்திக்கொண்டால், ஹப் வந்து பழைய ஓடையை எடுத்துப் பார்த்து, புதிதாக ஒன்றும் இல்லை என்று போய்விடும். திரும்ப வந்து பார்க்க அதற்குக் காரணம் இல்லை. அடுத்த செய்தி ஏறும்போது இரண்டும் சேர்ந்து போகும். 'ஒரு செய்தி விட்டு ஒரு செய்திதான் வருகிறது, வந்தால் இரண்டாக வருகிறது' என்று யாராவது முறையிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஓடை முகவரியைக் கேச்சிலிருந்து முழுதாக விலக்கிவிடுவது சுலபமான வழி. சுமை தாங்காது என்றால் பிங்கை 10 வினாடி பிந்தி அனுப்புங்கள். ஆனால் அந்தப் பிந்திய பிங்கை வேர்ட்பிரஸின் உள் கிரொனிடம் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஏற்பாடு) ஒப்படைத்தால், தளத்துக்கு யாராவது வந்தால்தான் அது ஓடும். இரவு 2 மணிக்கு ஏறும் வெள்ள எச்சரிக்கை வாசகர் வரும்வரை காத்திருக்கும். சேர்வரின் நிஜக் கிரொனில் நிமிடத்துக்கு ஒரு முறை ஓட விடுங்கள்.

கிளவுட்பிளேர் போன்ற இடைநிலைச் சேவைகளில் 'எல்லாவற்றையும் கேச் செய்' என்ற விதி போட்டிருந்தால் அங்கேயும் ஓடைக்கு விலக்கு வேண்டும். இயந்திர வருகையாளர்களை மறிக்கும் அமைப்பும் ஹப்பைக் கள்வன் என்று நினைத்து 403 (அனுமதி மறுப்பு) கொடுக்கக் கூடும். தாக்குதல் வந்த நேரத்தில் வெளிநாட்டு ஐபிகளை மறித்துவிட்டு அப்படியே மறந்த தளங்களிலும் இதே கதைதான்; பொது ஹப்புகள் வெளிநாட்டில் இருக்கின்றன.

ஓடையையே கையால் எழுதுபவர்கள் திகதியைக் கவனிக்க வேண்டும். ஆர்எஸ்எஸ் திகதியில் மாதப் பெயர் ஆங்கிலச் சுருக்கத்தில்தான் இருக்க வேண்டும். தளத்தின் மொழி தமிழ் என்பதால் நிரல் அங்கே 'வைகாசி' என்றோ 'மே' என்றோ எழுதினால் வாசிப்பான் அந்தத் திகதியைத் தூக்கி எறியும். உள்ளூர் நேரத்தை எழுதிவிட்டுப் பின்னால் +0530 க்குப் பதில் +0000 போட்டால் செய்தி ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் நிற்கும். ஓடையில் எத்தனை உருப்படிகள் என்பதும் முக்கியம். வேர்ட்பிரஸில் இயல்பாக 10. தேர்தல் முடிவு இரவுகளில் தொகுதிக்கு ஒரு பதிவு போடும் தளத்தில் 10 பதிவுகள் சில நிமிடங்களில் கீழே தள்ளப்பட்டுவிடும். 50 ஆக்கி வையுங்கள்.

சந்தாதாரர் பக்கத்துக்கு முதலில் வேண்டியது பொது இணையத்திலிருந்து எட்டக்கூடிய கோல்பேக் முகவரி. வீட்டு 4ஜி ரவுட்டருக்குப் பின்னால் பெரும்பாலும் சொந்தப் பொது ஐபி கிடைக்காது, மின்தடை வேறு. சிங்கப்பூரிலோ மும்பையிலோ ஒரு சின்னச் சேர்வர் எடுப்பது நிம்மதி. ஹப்புக்கு அனுப்பும் சந்தாக் கோரிக்கை சாதாரணப் படிவப் போஸ்ட்: ஹப்.மோட் (சந்தாவா, விலகலா), ஹப்.டொபிக் (ஓடையின் முகவரி), ஹப்.கோல்பேக், விரும்பினால் ஹப்.லீஸ்_செக்கண்ட்ஸ் (சந்தாக் காலம்), ஹப்.சீக்ரட் (இரகசியச் சொல்). ஹப் 202 சொல்லிவிட்டு, 'உண்மையிலேயே நீ கேட்டாயா' என்று சரிபார்க்கக் கோல்பேக்குக்கு ஒரு கெட் கோரிக்கை அனுப்பும். அதில் ஹப்.சலெஞ் என்று ஒரு சரம் வரும். அதை அப்படியே, வேறு எதுவும் சேர்க்காமல், 200 பதிலோடு திருப்பித் தர வேண்டும்.

இந்த ஒற்றை வரியில் பிஎச்பி மொழியில் எழுதும் ஆட்கள் கட்டாயம் தடுக்கி விழுவார்கள். பிஎச்பி மாறிப் பெயரில் புள்ளியை ஏற்காது, வந்த 'ஹப்.சலெஞ்' அதன் உள்ளே 'ஹப்_சலெஞ்' ஆகிவிடும். புள்ளியோடு தேடினால் வெறுமை. பதில் 200, உள்ளடக்கம் வெற்று, சந்தா நிராகரிப்பு, லொக்கில் (சேர்வரின் பதிவேட்டில்) பிழையே இல்லை. அடிக்கோட்டோடு வாசித்தும் சரிவராவிட்டால், கோப்பின் தொடக்கத்தில் நோட்பேட் ஒட்டிவிட்ட பிஓஎம் (குறியேற்றத்தைக் காட்டும்) எழுத்துக்குறியோ ஒரு வெற்று வரியோ இருக்கிறதா பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத 3 பைட் முன்னால் வந்தாலும் சலெஞ் பொருந்தாது. கோல்பேக்கில் வழிமாற்றம் இருக்கக் கூடாது. 301 வந்தால் ஹப் அதைத் தோல்வி என்றே எடுக்கும். ஜாங்கோ என்ற பைத்தன் கட்டமைப்பில் முகவரியின் கடைசிச் சாய்கோட்டை விட்டுவிடுவது இதற்கு வழமையான காரணம்.

சரிபார்ப்பு கெட் கோரிக்கையில் நடப்பதால் அது வெற்றி பெற்றும், பின்னர் அறிவிப்பைக் கொண்டுவரும் போஸ்ட் கோரிக்கை மறிக்கப்படலாம். ஜாங்கோவில் 403, பிஎச்பி கட்டமைப்பான லாராவெலில் 419 கண்டால், வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பு மறிக்கிறது. அந்த ஒரு வழிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். அதற்கு ஈடாகச் சீக்ரட் கட்டாயம் வையுங்கள், எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் அனுப்புங்கள்; 200 பைட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹப் ஒவ்வொரு அறிவிப்போடும் 'எக்ஸ்-ஹப்-சிக்னேச்சர்' ஹெடரில் எச்மேக் கையொப்பம் (சீக்ரட்டைக் கொண்டு கணக்கிட்ட சரிபார்ப்புக் குறி) அனுப்பும். அதைக் கணக்கிட வேண்டியது வந்த பைட்டுகளின் மேல். எக்ஸ்எம்எல்லைப் பிரித்து மறுபடி எழுதிக் கணக்கிட்டால் தமிழ் எழுத்தின் குறியீடோ ஒரு வரிமுறிவோ மாறி, ஒருநாளும் பொருந்தாது. பொருந்தாததைத் தூக்கிப் போடுங்கள். பதிலாக 200 கொடுத்துவிட்டாலும் தவறில்லை.

அறிவிப்பு வந்ததும் வரிசையில் போட்டுவிட்டு உடனே 200 சொல்லுங்கள். படத்தை இறக்குவது, முகநூலில் பகிர்வது எல்லாம் பின்னால் நடக்கட்டும். தாமதித்தால் ஹப் நேரம் முடிந்ததென்று எண்ணி மீண்டும் அனுப்பும், வாசகருக்கு ஒரே எச்சரிக்கை மூன்று தரம் போகும். இரட்டிப்பு எப்படியும் வரத்தான் செய்யும். உருப்படியின் அடையாளக் குறியை வைத்துத் தடுக்க வேண்டும். யூடியூப் சனல்களின் ஓடைக்கும் கூகிள் ஹப் வழியாகச் சந்தா எடுக்கலாம், அங்கே காணொளியின் தலைப்பைத் திருத்தினாலும் அறிவிப்பு வரும். எனவே 'புதிது' என்று முடிவு செய்வது உங்கள் நிரலின் பொறுப்பு.

சந்தாவுக்கு ஆயுள் உண்டு. காலவரையற்ற சந்தாவைத் தர ஹப்புக்கு அனுமதியே இல்லை. நீங்கள் கேட்ட காலத்தை ஹப் தர வேண்டும் என்றும் இல்லை. சரிபார்ப்புக் கோரிக்கையில் வரும் லீஸ் எண்தான் உண்மை. கூகிள் ஹப்பில் வழமையாகக் காண்பது 432000 வினாடி, அதாவது 5 நாள். முடிய ஒரு நாள் முன்னதாகவே அதே கோல்பேக், அதே டொபிக்கோடு மறுபடி சந்தா அனுப்பும் கிரொன் வையுங்கள். இதை விட்டால் எல்லாம் அழகாக வேலை செய்து, ஆறாம் நாள் எந்தப் பிழைச் செய்தியும் இன்றி நிற்கும். இதே வேலைக்கான பழைய ஆர்எஸ்எஸ் கிளவுட் முறையில் இந்த ஆயுள் 25 மணி நேரம்தான், அந்த வகையில் இது தேவலை.

எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாதபோது கூகிள் ஹப்பின் முகப்பிலேயே சந்தாதாரருக்கும் வெளியீட்டாளருக்கும் தனித்தனி ஆய்வுப் படிவங்கள் இருக்கின்றன. கோல்பேக், டொபிக், சீக்ரட் மூன்றையும் கொடுத்தால் சந்தா உயிரோடு இருக்கிறதா, எப்போது முடிகிறது, கடைசி ஒப்படைப்பில் என்ன பிழை என்று காட்டும். அங்கே சந்தாவே இல்லை என்று வந்தால் சரிபார்ப்பில் தோல்வி. சந்தா இருந்து அறிவிப்பு வராவிட்டால் வெளியீட்டாளரின் கேச்சையும் 'செல்ஃப்' வரியையும் மறுபடி பாருங்கள்.

இவ்வளவும் பொருத்திய பிறகும் போய்க் கேட்கும் பழைய வேலையை முற்றாக நிறுத்த வேண்டாம். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை ஓடையை ஈடேக்கோடு ஒருதரம் எடுத்து, தள்ளுதலில் வராத உருப்படி ஏதும் இருந்தால் அதைத் தனி லொக்கில் எழுதச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அதை 15 நிமிடமாகக் குறைக்கலாம். அந்த லொக்கில் ஒரு வரி விழுந்தாலே, வாசகர் முறையிடுவதற்கு முன் எந்தப் பக்கம் தூங்குகிறது என்று தேடத் தொடங்கிவிடலாம்.