கால் சவரன் எடையும் என் தம்பியின் வழக்கும்

நான் நகை அடகுக் கடையில் கணக்கு எழுதுகிறவள். பதினோரு வருஷமாகத் தராசுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். 2 கிராம் என்றால் கால் சவரன், காது குத்தும்போது குழந்தைக்குப் போடுகிற ஒரு ஜோடிக் கம்மல். 50 கிராம் என்றால் ஆறேகால் சவரன். இந்த இரண்டு எடைகளுக்கு நடுவில் என் தம்பி எங்கே நிற்கிறான் என்பதைத் தீர்மானிக்கத்தான் எங்கள் வீட்டில் மூன்று வருஷம் போனது.

2022 ஜூன் மாதம், ராத்திரி பதினொன்றரை மணி. ஸ்டேஷனிலிருந்து போன். ஓடினோம். தம்பி உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் பேன்ட் பாக்கெட்டில் மெத்தபெட்டமின் என்ற போதைப்பொருள் இருந்ததாம். அவர்கள் அதை மெத் என்று சொன்னார்கள், அவனுடைய சிநேகிதர்கள் ஐஸ் என்பார்கள் என்று பிறகு தெரிந்தது. அம்மா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். "அவன் விக்கலைங்க சார், சும்மா வெச்சிருந்தான். விக்கிறவன் வேற." நானும் அதையேதான் சொன்னேன். விற்றவனுக்கு ஒரு தண்டனை, வைத்திருந்தவனுக்கு வேறொரு தண்டனை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு தப்பான எண்ணத்தில் முதல் இரண்டு மாதத்தையும் 75,000 ரூபாயையும் இழந்தோம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1985-ஆம் வருஷத்து என்.டி.பி.எஸ். சட்டத்தில், அதாவது போதைப்பொருள் சட்டத்தில், 22-வது பிரிவுதான் மெத், எம்.டி.எம்.ஏ., எல்.எஸ்.டி. மாதிரியான ரசாயனப் போதைகளுக்கு. தயாரித்தாலும், வைத்திருந்தாலும், விற்றாலும், வாங்கினாலும், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனாலும் எல்லாம் அந்த ஒரே பிரிவு. தண்டனையைப் பிரிப்பது எடை. ஸ்மால் குவாண்டிட்டி, அதாவது சிறிய அளவு என்றால் 22(ஏ), ஒரு வருஷம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கமர்ஷியல் குவாண்டிட்டி, அதாவது வியாபார அளவு என்றால் 22(சி), குறைந்தது 10 வருஷம், அதிகம் 20 வருஷம், அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். நடுவில் இருந்தால் 22(பி), 10 வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

எது ஸ்மால், எது கமர்ஷியல் என்று 2001 அக்டோபரில் மத்திய அரசு போட்ட பட்டியல் இருக்கிறது. மெத்துக்கு 2 கிராமுக்குக் கீழே ஸ்மால், 50 கிராமுக்கு மேலே கமர்ஷியல். எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராம், 10 கிராம். எல்.எஸ்.டி.க்கு 0.1 கிராமைத் தாண்டினாலே கமர்ஷியல். எங்கள் கடைத் தராசில் 0.1 கிராம் என்பது மூக்குத்தியின் திருகாணி. ஒரு கிலோ கஞ்சா வரைக்கும் ஸ்மால் என்று கேள்விப்பட்டிருந்த பையன்கள், ஒரு சிட்டிகைப் படிகத்துக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். என் தம்பியும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

எஃப்.ஐ.ஆர். கையில் கிடைத்தபோது அதில் 8(சி), 22(சி), 29(1) என்று இருந்தது. முதல் வக்கீல் அதை விளக்கவே இல்லை. "பத்து நாள்ல எடுத்துடலாம்மா" என்றார். அம்மாவின் ஐந்து சவரன் சங்கிலி அடகுக்குப் போனது. எங்கள் கடையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை, வேறு கடையில் வைத்தேன்.

இந்த வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. முதல் ஜாமீன் மனு தள்ளுபடி ஆன அன்று அங்கே வராண்டாவில் நின்றுகொண்டு நான் எஃப்.ஐ.ஆரை மறுபடி வாசித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு வக்கீல் அம்மா, வயது நாற்பது இருக்கும், "எத்தனை கிராம்?" என்று கேட்டார். "3.8 மேடம்." அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "3.8-க்கு எப்படிம்மா 22(சி) போட்டிருக்காங்க? ஏ1 கிட்ட எவ்வளவு?" என்றார். அந்தக் கேள்வியை அதுவரை எங்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

ஏ1, அதாவது வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவன், தம்பிக்கு அதைக் கொடுத்த பையன். அவன் அறையில் 61 கிராம் பிடித்திருந்தார்கள். ஏ2 பைக் ஓட்டியவன். என் தம்பி ஏ3. 29-வது பிரிவு கூட்டுச் சதிக்கானது. மூன்று பேரும் சேர்ந்து செய்ததாகச் சொல்லிவிட்டால், ஏ1 அறையில் இருந்த 61 கிராமும் என் தம்பியின் தலையில் வந்து உட்காரும். பாக்கெட்டில் அரைச் சவரனுக்கும் குறைவாக வைத்திருந்தவன், வழக்கில் ஏழரை சவரனுக்கும் மேலே பதில் சொல்ல வேண்டும்.

கமர்ஷியல் என்று வந்துவிட்டால் 37-வது பிரிவு குறுக்கே நிற்கும். அரசு வக்கீல் எதிர்த்தால், இவன் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே வந்தால் மறுபடி குற்றம் செய்ய மாட்டான் என்றும் நீதிபதிக்கே திருப்தி வர வேண்டும். குடும்ப நிலைமை, வயசு, முதல் கேஸ் என்று சொல்லி அழுவது அந்தக் கட்டத்தில் எடுபடாது. முதல் மனுவில் எங்கள் வக்கீல் எழுதியிருந்தது முழுக்க அதுதான்.

வழக்கை மேடத்திடம் மாற்றினோம். அவர் முதலில் கேட்டது, பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய மகஜரை. அதில் ஒரு வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டுக் காட்டினார்: ஜிப் கவருடன் 4.6 கிராம், கவர் நீக்கி 3.8 கிராம். எனக்கு அது உடனே புரிந்தது. கல் எடை, அரக்கு எடை கழித்துத்தான் நாங்களும் நகைக்குப் பணம் கொடுப்போம். "அப்ப இதுல கலப்படம் இருந்தா அதையும் கழிப்பாங்களா மேடம்?" என்று கேட்டேன். 2 கிராமுக்குக் கீழே வந்துவிடாதா என்ற ஆசை. அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். 2008-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருந்ததாம், சுத்தமான போதைப்பொருள் எவ்வளவோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்று. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது கலந்திருக்கிற மாவு, சர்க்கரை எதுவானாலும் மொத்த எடைதான் கணக்கு. கவருக்கு மட்டும்தான் கழிவு.

நடுவில் புழல் சிறை. செவ்வாய்க்கிழமை எனக்கு கடை விடுமுறை, அன்றுதான் மனு போட்டுப் பார்ப்பேன். ஆதாரைக் காட்டி, பெயர் பதிந்து, காத்திருந்து, பத்து நிமிஷம். கூட்டத்தின் சத்தத்தில் அவன் சொல்வது பாதிதான் காதில் விழும். முதல் மூன்று வாரம் அவனுக்கு உடம்பே ஆகவில்லை. நாள் முழுக்கத் தூங்கினான், தூங்கி எழுந்தால் எரிந்து விழுந்தான். பிடிபடுவதற்கு முந்தைய ஆறு மாதம் இதற்கு நேர்மாறு. இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தூங்க மாட்டான், சோறு தொட மாட்டான், பல்லை நெறித்துக்கொண்டே இருப்பான். டெலிவரி வேலையில் ராத்திரி ஷிப்ட் என்று சொன்னான், நான் நம்பினேன். கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்துவிட்டும் முட்டை வாங்கிக் கொடுத்தேனே தவிர கேள்வி கேட்கவில்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர், உபயோகித்த குற்றமோ ஸ்மால் குவாண்டிட்டியோ மட்டும் இருந்தால், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. 3.8-க்கு அது பொருந்தாது என்று மேடம் சொன்னபோது எனக்கு அந்த 1.8 கிராம்தான் கண்முன் நின்றது. உங்கள் வீட்டில் யாரையாவது பார்த்துச் சந்தேகம் வந்தால் தயவுசெய்து அன்றைக்கே கேளுங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண் எனக்கு அவன் ஜெயிலுக்குப் போன பிறகுதான் தெரியும்.

அடுத்து நாள் கணக்கு. சாதாரணமாக 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமை வந்துவிடும். கமர்ஷியல் வழக்குக்கு அது 180 நாள், அரசு வக்கீல் காரணம் காட்டிக் கேட்டால் ஒரு வருஷம் வரை நீட்டலாம். மேடம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். 181-வது நாள் காலையில் கோர்ட் திறந்ததும் மனு நம்பர் ஆகிவிட வேண்டும். சென்னையில் நடந்த ரவீந்திரன் என்பவர் வழக்கிலேயே அப்படிக் காலையில் மனு போட்டு, அன்று சாயங்காலம் எதிர்த்தரப்பு கூடுதல் புகார் தாக்கல் செய்து, கடைசியில் 2020-இல் உச்ச நீதிமன்றம் காலையில் போட்டவருக்கு உரிமை உண்டு என்றது. நான் கடைக் காலண்டரில் நாட்களை எண்ணிக்கொண்டே வந்தேன். 171-வது நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. அன்று அம்மா சாப்பிடவில்லை.

ஆனால் அந்தக் குற்றப்பத்திரிகைதான் எங்களுக்கு வழி திறந்தது. அதுவரை கையில் இல்லாத காகிதங்கள் எல்லாம் வந்தன. 61 கிராமையும் என் தம்பியையும் இணைக்க அதில் இருந்தது இரண்டே இரண்டு. ஒன்று, போலீசிடம் ஏ1 கொடுத்ததாகச் சொல்லும் வாக்குமூலம். போலீசிடம் கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக எடுக்க முடியாது. இன்னொன்று, ஏ1-க்கு தம்பி ஜிபேயில் அனுப்பிய நாலு தொகைகள், எல்லாம் 2,500, 3,000. மேடம் அதைத் தனியாக ஒரு தாளில் தேதி வாரியாக எழுதச் சொன்னார். கணக்கு எழுதுகிற கை, ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். வாங்கினவன் காசு கொடுத்திருக்கிறான், பங்காளி என்றால் காசு இந்தப் பக்கம் வந்திருக்கும் என்பதே வாதம்.

அதே ஜிபேயில் தம்பியின் சிநேகிதர்கள் இரண்டு பேர் அவனுக்கு அனுப்பிய 1,000, 1,500-ம் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அவனிடம் கேட்டேன். "எனக்கு வாங்கும்போது அவங்களுக்கும் சேர்த்து வாங்கிக் குடுத்தேன்க்கா" என்றான். அவன் விற்கவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிவந்த அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. சட்டத்துக்கு அதன் பெயர் விற்பனைதான்.

2023 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த உறவு. போட்டோ ஒட்டி, இடது கட்டைவிரல் ரேகை வைத்து, ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் கொடுக்க வேண்டும். பெரியப்பா மாட்டேன் என்றார், தாய்மாமன் வந்தார். மாமா மை ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, "அக்கா பிள்ளைடா, வேற யாரு வருவா" என்றார். தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. வெளியே வந்த மறுவாரமே கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன், போதை மீட்புப் பிரிவில் சேர்த்தோம்.

பணம் இல்லாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருஷச் சட்டப்படி. முதல் 75,000-ஐக் கொடுப்பதற்கு முன் எங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

விசாரணை வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. நாங்கள் பெரிதாக நம்பியது 50-வது பிரிவை. உடம்பைச் சோதிப்பதற்கு முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கக் கேட்கும் உரிமை உனக்கு இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். 2010-இல் அரசியல் சாசன அமர்வே இதைக் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. ஆனால் தம்பி, வேண்டாம், நீங்களே சோதிக்கலாம் என்று அன்று ராத்திரி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தான். தமிழில், அவன் கையெழுத்தில். அந்த வாதம் அங்கேயே நின்றுபோனது. கையில் பொருள் கிடைத்துவிட்டால், தெரிந்தேதான் வைத்திருந்தான் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும், தெரியாது என்று காட்டுவது நம் பொறுப்பு. மற்ற வழக்குகளில் நமக்கு இருக்கும் சந்தேகத்தின் பலன் இங்கே அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

2025 தொடக்கத்தில் தீர்ப்பு. சதி நிரூபணமாகவில்லை, 22(சி)யிலிருந்து தம்பிக்கு விடுதலை. 3.8 கிராமுக்கு 22(பி)யில் மூன்று வருஷம் கடுங்காவல், 25,000 அபராதம், கட்டத் தவறினால் இன்னும் மூன்று மாதம். ஏற்கெனவே உள்ளே இருந்த எட்டு மாதம் கழியும். நன்னடத்தைக்கு நாள் குறைப்பார்கள் என்று அம்மா கேட்டாள். 32ஏ பிரிவு இருப்பதால் இந்தச் சட்டத்தில் அந்தத் தண்டனைக் குறைப்பு இல்லை.

ஏ1-க்குப் பத்து வருஷம், ஒரு லட்சம் அபராதம். அதற்குக் கீழே கொடுக்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை. அவனுக்கு வயது 24. அவனுடைய அம்மா வராண்டா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் தூக்குவாளி. மூன்று வருஷமாக ஒருவரை ஒருவர் பார்த்தும் பேசாமல் இருந்தோம், அவர் பிள்ளைதான் என் தம்பியைக் கெடுத்தான் என்று எனக்குக் கோபம். அன்று அவர் என்னைப் பார்த்து, "பதினோரு கிராம் கம்மியா இருந்திருந்தா வேற மாதிரி ஆயிருக்குமாம்மா?" என்று கேட்டார். 61-லிருந்து 50. 50-ஐத் தாண்டினால்தான் கமர்ஷியல், அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேல்முறையீடு செய்து, தண்டனையை நிறுத்தி வைத்து உத்தரவு வாங்க ஏழு வாரம் ஆனது. கமர்ஷியல் இல்லை என்று ஆகிவிட்டதால் 37-வது பிரிவு குறுக்கே வரவில்லை. அபராதத்தைக் கட்டிவிட்டோம். தம்பி இப்போது மாமாவோடு பெயின்ட் வேலைக்குப் போகிறான், மாதம் ஒரு முறை கீழ்ப்பாக்கம் போகிறான். மேல்முறையீடு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அம்மாவின் சங்கிலிக்கு வட்டி மட்டும் கட்டி மாற்றி வைத்திருக்கிறேன்.